மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ‘வாம்பயர்’: வாசகர் கேள்வி – பதில்

1942 ஏப்ரல் 9 அன்று இலங்கையின் கிழக்குக் கரையோரம் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வந்தது. விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மீஸ்’ பற்றி விரிவாக எழுதிவிட்டு, துணைக்குப் போன ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வாம்பயர்’ பற்றி இரண்டே வரியில் முடித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கே: ‘ஹெர்மீஸ்’ கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூடப் போன கப்பல் எப்படிப்பட்டது?
– வாசகர், மட்டக்களப்பு

ப: மூழ்கும்போதே அதற்கு வயது 24. போர்க்கப்பலுக்கு அது முதுமை. இங்கிலாந்தில் வைட் தீவின் கௌஸ் ஊரில், ஜே. சாமுவேல் வைட் கட்டுமானத் தளத்தில் 1916 அக்டோபரில் அடித்தளம் போட்டார்கள். 1917 மே மாதம் நீரில் இறங்கியது, செப்டம்பரில் பணிக்கு வந்தது. முதலில் வைக்க இருந்த பெயர் ‘வாலஸ்’. கட்டி முடிப்பதற்குள் ‘வாம்பயர்’ ஆகிவிட்டது.

நீளம் 95 மீட்டர், அகலம் 9 மீட்டர், எடை ஏறத்தாழ 1,100 டன். நான்கு 4 அங்குலப் பீரங்கிகள், மும்மூன்று குழாய்களாக இரண்டு தொகுதியில் ஆறு டார்பிடோக் (நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கி வெடிக்கும் ஆயுதம்) குழாய்கள், விமானத்தைச் சுட ஒரு ‘பாம்-பாம்’ துப்பாக்கி, சில இயந்திரத் துப்பாக்கிகள். முழு வேகம் 34 நாட், அதாவது மணிக்கு 63 கி.மீ. ஆட்கள் 120 பேர் அளவில். 1933இல் பிரிட்டன் இதையும் இன்னும் நான்கு பழைய கப்பல்களையும் ஆஸ்திரேலியக் கடற்படைக்குக் கொடுத்தது.

கே: முதல் உலகப்போரில் சென்னையைச் சுட்ட எம்டனும் நாசகாரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. எம்டன் இலகு ரகக் குரூசர். தனியாகப் பெருங்கடலில் மாதக்கணக்கில் சுற்றி வணிகக் கப்பல்களை வேட்டையாடும் அளவுக்கு அதற்குக் கொள்ளளவு உண்டு. நாசகாரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. பெரிய கப்பல்களைச் சுற்றி வந்து, நெருங்கும் டார்பிடோப் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் விரட்டுவதும், வாய்ப்புக் கிடைத்தால் பாய்ந்துபோய் டார்பிடோ எறிந்துவிட்டுத் திரும்புவதும்தான் அதன் வேலை. வேகத்துக்காகக் கவசத்தைக் கைவிட்ட கப்பல் என்று நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரும் பதில்கள் எளிதாக விளங்கும்.

கே: 1,100 டன் கப்பலை 63 கி.மீ. வேகத்தில் ஓட்ட எவ்வளவு சக்தி வேண்டும்? எரிபொருள் எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: 27,000 குதிரைத்திறன். மூன்று கொதிகலன்கள் எண்ணெயை எரித்து நீராவி தரும், இரண்டு டர்பைன் தொகுதிகள் இரண்டு சுழலிகளை ஓட்டும். இந்த வகைக் கப்பல் கொண்டுபோகும் எண்ணெய் 370 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 15 நாட் வேகத்தில் நிதானமாகப் போனால் அது 3,500 கடல் மைல் வரை வரும். 32 நாட்டுக்கு ஏற்றினால் 900 கடல் மைலில் தொட்டி காலி. வேகத்தை இரட்டிப்பாக்கியதற்குத் தூரத்தில் நான்கில் மூன்று பங்கை விலையாகக் கொடுக்கிறோம். நாசகாரியின் தளபதிக்கு எதிரியைவிட எண்ணெய்க் கணக்குதான் அன்றாடத் தலைவலி.

இயந்திரங்கள் அமைந்திருந்த விதத்தையும் கவனியுங்கள். கொதிகலன் அறைகள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரே எஞ்சின் அறைக்குள் இரண்டு டர்பைன் தொகுதிகளும். கொதிகலன், எஞ்சின், மறுபடி கொதிகலன், எஞ்சின் என்று மாற்றி மாற்றி வைக்கும் முறை பின்னாளில்தான் பரவியது. அப்படி வைத்தால் ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் கப்பலை இழுத்துக்கொண்டு போகும். வாம்பயரில் நடுப்பகுதியில் ஒரு நல்ல அடி விழுந்தால் கப்பல் அங்கேயே நின்றுவிடும். கடைசியில் அதுதான் நடந்தது.

கே: ‘பழைய இரும்புப் படை’ என்று இந்தக் கப்பல்களைக் கேலி செய்தார்களாமே?
– வாசகர், ஈரோடு

ப: செய்தது ஜெர்மனியின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். ‘ஸ்டூவர்ட்’, ‘வாம்பயர்’, ‘வெண்டெட்டா’, ‘வாயேஜர்’, ‘வாட்டர்ஹென்’ ஆகிய ஐந்தும் மத்தியதரைக் கடலுக்குப் போனபோது பழைய இரும்பு என்று ஏளனம் செய்தார். மாலுமிகள் அதையே பட்டப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள். 1940 ஜூலையில் கலாப்ரியா கடற்போரில் வாம்பயர் இருந்தது. 1941இல் கிரீஸிலிருந்து படைகளை மீட்ட பணியிலும் இருந்தது.

இரும்பு பழையது என்பது மட்டும் பொய்யில்லை. ஓயாத ஓட்டத்தில் கொதிகலன் குழாய்கள் அரிக்கும், நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சர் கசியும், கசிந்தால் உப்புநீர் கொதிகலனுக்குள் போகும். 1941 மே மாதக் கடைசியில் வாம்பயரை மத்தியதரைக் கடலிலிருந்து விடுவித்து, பழுதுபார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். ஐந்தில் ‘வாட்டர்ஹென்’ 1941 ஜூன் 30 அன்று, முந்தைய நாள் விழுந்த குண்டுகளின் சேதத்தால் எகிப்துக் கரையோரம் மூழ்கியது. ஓர் உயிரும் போகவில்லை. ‘வாயேஜர்’ 1942 செப்டம்பரில் தீமோர் கரையில் தரைதட்டிப் போனது. ‘வெண்டெட்டா’ சிங்கப்பூரில் எஞ்சின் பிரித்துப் போட்ட நிலையில் சிக்கிக்கொண்டு, 1942 பிப்ரவரியில் கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஏப்ரலில் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. ‘ஸ்டூவர்ட்’, ‘வெண்டெட்டா’ இரண்டும் போரைக் கடந்தன.

கே: சிங்கப்பூர் வீழ்ச்சியின்போது வாம்பயர் என்ன செய்தது?
– வாசகர், சிங்கப்பூர்

ப: உங்கள் ஊரோடு அதற்கு இரண்டு தொடர்புகள்.

1941 டிசம்பர் 8 மாலை ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வடக்கே புறப்பட்டன. கூடப் போனவை ‘எலெக்ட்ரா’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘வாம்பயர்’, ‘டெனெடோஸ்’ ஆகிய நான்கு நாசகாரிகள். எண்ணெய் குறைந்த ‘டெனெடோஸ்’ 9ஆம் தேதி மாலையே திருப்பி அனுப்பப்பட்டது. 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன. இறந்தவர்கள் 840 பேர். ‘ரிப்பல்ஸ்’ ஆட்களில் 571 பேரை ‘எலெக்ட்ரா’வும் 225 பேரை வாம்பயரும் ஏற்றிக்கொண்டன. ‘ரிப்பல்ஸ்’ தளபதி டென்னன்ட் ஏறியது வாம்பயரில்தான்.

225 பேரை ஏற்றுவது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. ஆளுக்கு 70 கிலோ வைத்தால் 16 டன்னுக்கு அருகில் வரும். அந்த எடை மேல்தளத்தில், அதுவும் நடமாடும் எடையாக இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் வேடிக்கை பார்க்கப் போனால் ஒல்லியான கப்பல் அந்தப் பக்கம் சாயும், அதே நேரம் விமானத்துக்குத் தப்ப வேகமாகத் திரும்பினால் சாய்வு இன்னும் கூடும். அதனால் ஏறியவர்களை இயன்றவரை கீழ்த்தளத்துக்கு அனுப்பி உட்கார வைப்பார்கள். ஏற்றும்போது கப்பலின் பக்கவாட்டில் ஏறுவலையைத் தொங்கவிட்டு, சுழலிகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நீந்துபவர்களை அவை இழுத்து வெட்டும். ஆனால் நின்ற கப்பல் நீர்மூழ்கிக்குக் கொழுத்த இரை. எத்தனை நிமிடம் நிற்பது என்று தளபதி ஒருவர்தான் முடிவெடுக்க வேண்டும். நீரில் பரவிய எரிபொருள் எண்ணெய் வேறு கண்ணை மூட வைக்கும், நுரையீரலுக்குள் போனால் கரைசேர்ந்த பிறகும் ஆளைக் கொல்லும், வழுக்கும் கையால் வலையைப் பிடிக்கவும் முடியாது.

இரண்டாவது தொடர்பு எண்டாவ். 1942 ஜனவரி 26 இரவு, மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவ் அருகே இறங்கிய ஜப்பானியப் படையின் கப்பல்களைத் தாக்க வாம்பயரையும் அதைவிடச் சிறிய பழங்கப்பல் ‘தானெட்’டையும் அனுப்பினார்கள். அதிகாலை இருட்டில் வாம்பயர் கடற்கண்ணிகளை அகற்றும் ஒரு கண்ணிவாரிக் கப்பல் மீது இரண்டு டார்பிடோ விட்டது. ஒன்று விலகிப் போனது, மற்றது கப்பலின் அடியில் புகுந்து போய்விட்டது. டார்பிடோ ஓடவேண்டிய ஆழத்தை ஏவுவதற்கு முன்பே திருகி வைக்க வேண்டும். பெரிய சரக்குக் கப்பலின் வயிற்றில் அடிக்க ஏற்ற ஆழத்தில் ஓடும் டார்பிடோ, நீருக்குள் இரண்டு மீட்டர் அளவே இறங்கியிருக்கும் சிறு கப்பலுக்கு உதவாது. பிறகு நடந்த சண்டையில் ‘தானெட்’ எஞ்சின் அறையில் குண்டுபட்டு மூழ்கியது. வாம்பயர் புகைத்திரை விரித்துத் தப்பிச் சிங்கப்பூர் திரும்பியது.

கே: நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து ஆழக்குண்டு போடுவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

ப: அந்தக் காலப் பிரிட்டிஷ் முறையைச் சொல்கிறோம். கப்பலின் அடியில் உள்ள ‘அஸ்டிக்’ கருவி ஒலித்துடிப்பை அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி 2 நொடியில் வந்தால் இலக்கு 1,500 மீட்டரில் இருக்கிறது, போக ஒரு நொடி, வர ஒரு நொடி. கப்பல் 20 நாட்டுக்கு மேல் ஓடினால் தன் இரைச்சலிலேயே எதிரொலி கேட்காது. அதனால் வேட்டைக்காரன் மெதுவாகப் போக வேண்டும்.

நெருங்க நெருங்க இன்னொரு சிக்கல். ஒலிக்கற்றை முன்னோக்கித்தான் போகும், கீழே திரும்பாது. ஏறத்தாழ 200 மீட்டருக்குள் வந்ததும் ஆழத்தில் உள்ள நீர்மூழ்கி கற்றைக்குக் கீழே நழுவிவிடும். கடைசிக் கட்டத்தைக் கணிப்பில்தான் ஓட வேண்டும்.

ஆழக்குண்டு ஒரு பீப்பாய். ஏழாம் ரக பிரிட்டிஷ் குண்டின் எடை 190 கிலோ, உள்ளே வெடிமருந்து 132 கிலோ. நீரின் அழுத்தம் தொட்டதும் வெடிக்கும் விசையை 50, 100, 150 அடி என்று திருகி வைப்பார்கள். ஐந்து குண்டு ஒரு தொகுதி: மூன்றைப் பின்புறத் தண்டவாளத்திலிருந்து உருட்டிவிட்டு, இடமும் வலமும் ஒவ்வொன்றை எறிவார்கள். நீர்மூழ்கியின் உடலைப் பிளக்க 6–7 மீட்டருக்குள் வெடித்தாக வேண்டும்.

வீசுகிற கப்பலுக்கும் ஆபத்து உண்டு. குண்டு நொடிக்கு 3 மீட்டர் வீதம் இறங்கும். 150 அடிக்கு, அதாவது 45 மீட்டருக்கு வைத்தால் 15 நொடி. அதற்குள் 15 நாட்டில் ஓடும் கப்பல் 115 மீட்டர் போயிருக்கும், பிழைத்தது. அதே குண்டை 50 அடிக்கு வைத்து 8 நாட்டில் ஊர்ந்துகொண்டே போட்டால் கப்பல் 20 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். சொந்தச் சுழலியும் சுக்கானும் போகும். அஸ்டிக் கேட்க மெதுவாகப் போ, குண்டு போட வேகமாகப் போ என்று இரண்டு எதிரெதிர்க் கட்டளைகளுக்கு நடுவே நடக்கும் வேலை அது.

கே: நான்கு பீரங்கிகள் இருந்தும் விமானங்களை ஏன் விரட்ட முடியவில்லை?
– வாசகர், திருச்சி

ப: பீரங்கிகள் மேலே பார்க்காது என்பதே முழுப் பதில். வாம்பயரின் 4 அங்குலப் பீரங்கி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை வரைதான் உயரும். 1917இல் அதன் எதிரி இன்னொரு கப்பல், கடல் மட்டத்தில் வருகிறவன். அதற்கு 30 பாகை தாராளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் வருகிறது. 30 பாகைக் கோடு அந்த உயரத்தைத் தொடுவது கப்பலிலிருந்து கிடைத்தூரத்தில் 5,200 மீட்டர் தள்ளி. விமானம் அதற்கு உள்ளே வந்த கணமே நான்கு பீரங்கியும் பயனற்றவை. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தை விமானம் ஒரே நிமிடத்தில் கடக்கும். அதாவது உயிர்போகும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பெரிய பீரங்கி இல்லை. அந்த நிமிடத்துக்கு முன்னாலும் பெரிய பலன் கிடையாது. 14 கிலோ குண்டைக் கையால் ஏற்றி, கையால் திருப்பிச் சுட வேண்டும். விமானம் எங்கே இருக்கும் என்று கணித்துச் சொல்லும் கருவி இந்தப் பழங்கப்பல்களில் இல்லை.

மிச்சம் இருப்பது ‘பாம்-பாம்’. 40 மி.மீ. குண்டு, குறைந்த வேகம், பயனுள்ள தூரம் ஒரு கி.மீ. அளவு, சுடும்போது அடிக்கடி சிக்கிக்கொள்ளும் கெட்ட பெயர் வேறு. செங்குத்தாக இறங்கும் விமானம் சுமார் 500 மீட்டர் உயரத்தில் குண்டை விட்டுவிடும். ஒரு கி.மீ.யிலிருந்து அந்த இடம் வர நான்கைந்து நொடிதான்.

பலரும் கவனிக்காத ஒன்று: பக்கத்துக் கப்பலைக் குறிவைத்து இறங்கும் விமானம் நம் பார்வைக்குத் தாழ்வான கோணத்தில் தெரியும். அதை 30 பாகைப் பீரங்கி சுடலாம். ஆக வாம்பயரால் ‘ஹெர்மீஸ்’ஸுக்குக் கொஞ்சம் துணை நிற்க முடியும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. ‘ஹெர்மீஸ்’ போன பிறகு அந்தச் சின்னத் துணைகூட வாம்பயருக்கு இல்லை.

கே: ஏப்ரல் 9 அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். தவறு யாருடையது?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கின. அன்றைக்கே ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்ற இரு குரூசர்கள் கடலில் மூழ்கின. கொழும்புத் துறைமுகத்துக்குள் ‘டெனெடோஸ்’ நாசகாரி மூழ்கியது. ஆம், டிசம்பரில் எண்ணெய் குறைந்து திரும்பிய அதே கப்பல். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வேறொரு ஜப்பானிய அணியின் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய மாதம் அது.

அடுத்த குறி திருகோணமலை என்று ஊகித்த பிரிட்டிஷார் 8ஆம் தேதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றினார்கள். ‘ஹெர்மீஸ்’, வாம்பயர் இரண்டும் கரையை ஒட்டித் தெற்கே போயின. 9ஆம் தேதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. இதற்கிடையே இரு கப்பல்களும் திரும்பி வந்துகொண்டிருந்தபோது ‘ஹருணா’ போர்க்கப்பலின் மிதவை விமானம் அவற்றைப் பார்த்துவிட்டது. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், வேகமாகத் திருகோணமலையின் போர்விமானக் காவலுக்குள் வந்துவிடும்படி கட்டளை போனது.

காலை 10.35 அளவில் தாக்குதல் தொடங்கியது. வந்தவை ஏறத்தாழ 85 செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள். ‘ஹெர்மீஸ்’ 20 நிமிடத்தில் கவிழ்ந்தது. எஞ்சிய விமானங்கள் வாம்பயர் பக்கம் திரும்பின. முதலில் அருகே விழுந்த குண்டுகள் உலுக்கின. பிறகு கொதிகலன் அறையில் நேரடி அடி, கப்பல் நின்றது. நின்ற கப்பல் மீது அடுத்தடுத்து நான்கு குண்டுகள். தளபதி மோரன் கப்பலைக் கைவிடக் கட்டளையிட்டார். மாலுமிகள் மிதவைகளை இறக்கும் நேரத்தில் கப்பல் இரண்டாக முறிந்தது. முன்பாதி உடனே போனது. பின்பாதி சற்று மிதந்து, பெரிய வெடிப்போடு 11 மணியைத் தாண்டி மூழ்கியது. மோரனும் அதோடு போனார். அதே நாளில் அந்தக் கடலில் ‘ஹாலிஹாக்’ என்ற காவல்கப்பலும், ‘அத்தெல்ஸ்டேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின.

தவறு என்றால், துறைமுகத்தைக் காலி செய்தது தவறில்லை. உள்ளே இருந்திருந்தாலும் அடிபட்டிருக்கும். திரும்பச் சொன்னதைக்கூடக் குறை சொல்ல மாட்டோம், காவல் கிடைக்கக்கூடிய ஒரே திசை அதுதான். எங்கள் புகார் வேறு: விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. திருகோணமலையின் சீனன்குடாத் தளத்திலிருந்த ஹரிக்கேன் போர்விமானங்கள் காலைத் தாக்குதலிலேயே களைத்திருந்தன. கொழும்புக்கு அருகே ரத்மலானையிலிருந்து வந்த ஃபுல்மர் போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை. விமானம் இல்லாத தாய்க்கப்பலும் மேலே பார்க்க முடியாத காவலனும் சேர்ந்து பகலில், தெளிந்த வானத்தின் கீழே போயின. இதைத் துணிச்சல் குறைவு என்றோ விதி என்றோ எழுதுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

கே: சுக்கானை முழுதாகத் திருப்பித் தப்பியிருக்க முடியாதா? இரும்புக் கப்பல் எப்படி இரண்டாக முறியும்?
– வாசகர், மதுரை

ப: ஒற்றை விமானத்திடம் தப்பலாம். 500 மீட்டரில் விட்ட குண்டு கீழே வர 4–5 நொடி. 25 நாட்டில் போகும் கப்பல் அதற்குள் 50–65 மீட்டர் நகரும். விமானம் இறக்கத்தில் உறுதியாகிவிட்ட கணத்தில் சுக்கானை ஒடித்தால் குண்டு கடலில் விழும். முன்கூட்டியே ஒடித்தால் விமானி திருத்திக்கொள்வான். பல திசையிலிருந்து விமானங்கள் வரிசையாக இறங்கும்போது ஒன்றுக்குத் தப்பத் திரும்புவது மற்றொன்றுக்கு நீளவாக்கில் காட்டிக்கொடுப்பதாக முடியும். தவிர, ஒவ்வொரு கூர்மையான திருப்பமும் வேகத்தைத் தின்னும்.

குறி தப்பிய குண்டும் சும்மா விடாது. அருகில் நீருக்குள் வெடித்தால் மெல்லிய தகடு உள்வாங்கும், தறையாணிகள் தெறிக்கும், நீராவிக் குழாய் மூட்டுகள் கசியும். நீராவி போனால் மின்னாக்கியும் பம்புகளும் நிற்கும். உள்ளே வரும் நீரை இறைக்க வேண்டிய பம்பு, நீர் வந்த அதே காரணத்தால் நின்றுபோகிறது.

முறிவுக்கு வருவோம். வாம்பயரின் நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இரண்டு முனையையும் கையில் பிடித்து நடுவில் பாரம் ஏற்றிய மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். அலையில் கப்பலின் நிலை அதுதான், சில நேரம் தலைகீழாக. வளைவைத் தாங்குவது மேல்தளத் தகடும் அடித்தகடும். நடுவில் இருப்பதோ கொதிகலன்களுக்காக விட்ட பெரிய வெற்று அறைகள். தாமதித்து வெடிக்கும் 250 கிலோ குண்டு மேல்தளத்தைத் துளைத்து உள்ளே போய் வெடித்தால் மேல், கீழ், பக்கம் மூன்றும் ஒரே குறுக்குக்கோட்டில் கிழியும். அடிபட்ட அறையில் நூற்றுக்கணக்கான டன் நீர் ஏறி நடுப்பகுதியைக் கீழே இழுக்கும். அதற்குப் பின் முறிய இன்னொரு குண்டுகூடத் தேவையில்லை. இங்கே வந்தது.

கே: ‘ஹெர்மீஸ்’ஸில் 307 பேர், வாம்பயரில் 8 பேர். இவ்வளவு வேறுபாடு ஏன்?
– வாசகர், காரைக்கால்

ப: இரண்டாக முறிந்த கப்பலுக்கு 8 மிகக் குறைவு என்பது சரிதான். அளவு முதல் காரணம். பெரிய கப்பலில் ஆட்கள் பல தளங்களுக்குக் கீழே இருப்பார்கள், விளக்கு அணைந்தபின் ஏணி ஏணியாக மேலே வர வேண்டும். நாசகாரியில் சண்டை நேரத்தில் பெரும்பாலோர் மேல்தளத்திலோ அதற்கு ஓர் ஏணி கீழேயோதான். அடுத்தது கட்டளை வந்த நேரம். மோரன் கப்பல் முறியும்வரை காத்திருக்கவில்லை. மூன்றாவது, நீர் வெதுவெதுப்பானது, காற்று அமைதி. மருத்துவக் கப்பல் ‘வீட்டா’ அருகிலேயே வந்துகொண்டிருந்தது. இரு கப்பல்களின் ஆட்களில் சுமார் 600 பேரை அது ஏற்றிக்கொண்டது. கரைவரை நீந்தியவர்களும் உண்டு.

மூழ்கும் நாசகாரியில் இன்னொரு கொலைகாரன் இருக்கிறான்: கப்பலிலேயே மிஞ்சிய ஆழக்குண்டுகள். ஆழம் திருகி வைத்தபடியே கப்பல் மூழ்கினால், அந்த ஆழத்தில் எல்லாம் வெடிக்கும். மேலே நீந்துகிறவர்களுக்கு வெளிக்காயமே இருக்காது. அழுத்த அலை குடலையும் நுரையீரலையும் கிழித்துவிடும். 1941 அக்டோபர் 31 அன்று மூழ்கிய அமெரிக்க நாசகாரி ‘ரூபன் ஜேம்ஸ்’ஸில் அப்படித்தான் பலர் இறந்தார்கள். அதனால் கப்பலைக் கைவிடும்போது டார்பிடோப் பிரிவினரின் கடைசி வேலை, ஒவ்வொரு குண்டின் விசையையும் ‘வெடிக்காது’ நிலைக்குத் திருப்பி, வெடிதூண்டியைப் பிடுங்கிக் கடலில் எறிவது. வெடி கேட்கும் ஆபத்து இருந்தால் மல்லாந்து மிதந்து, மார்பையும் வயிற்றையும் நீர்மட்டத்துக்கு அருகே வைத்திருக்கச் சொல்வார்கள்.

கே: இந்த ‘ஹெர்மீஸ்’தான் பின்னால் ‘விராட்’ ஆனதா?
– வாசகர், சென்னை

ப: மூழ்கியது எப்படி விராட் ஆகும்? அதே பெயரில் 1959இல் பணிக்கு வந்த வேறு கப்பலை இந்தியா வாங்கி, 1987 முதல் 2017 வரை ‘விராட்’ என்று ஓட்டியது.

கே: நாங்கள் நான்கு நண்பர்கள், முக்குளிப்புச் சான்றிதழ் உள்ளவர்கள். ‘ஹெர்மீஸ்’ஸைப் போய்ப் பார்க்கலாமா?
– வாசகர், கல்முனை

ப: சாதாரணப் பொழுதுபோக்குச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாம். கரையிலிருந்து 9 கி.மீ. அளவில், அடித்தரை 53 மீட்டரில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர்.

காரணம் கணக்கில் தெரியும். 53 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் உருளையை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2,400 லிட்டர். அது 19 நிமிடத்தில் தீரும், இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் அவசரச் சேமிப்பும் சேர்க்காமல். நைட்ரஜன் மயக்கம் அந்த ஆழத்தில் நிச்சயம், அழுத்தமானியைப் பார்த்தும் எண் மனதில் பதியாது. மேலே வரும்போது படிப்படியாக நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும், நேரே வந்தால் மூட்டிலும் முதுகுத் தண்டிலும் குமிழி அடைக்கும். ஆழ்முக்குளிப்புப் பயிற்சி, இரட்டை உருளை, ஏறும் கட்டத்துக்குத் தனிவாயு, ஹீலியம் கலவை, அந்த இடத்தைத் தெரிந்த படகோட்டி இத்தனையும் இருந்தால் யோசியுங்கள். வாடைக்காலம் ஆகாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கிழக்குக்கரைக் கடல் அமைதி.

அன்று மூழ்கிய ஒன்றைப் பார்த்தால் போதும் என்றால் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து படகில் போகலாம், ஆழம் 24 மீட்டர்தான். எங்கே இறங்கினாலும் எதையும் எடுத்து வராதீர்கள். ‘ஹெர்மீஸ்’ 307 பேரின் கல்லறை.

கே: போர்க்கால நாசகாரி ஒன்றின் உள்ளே நடந்து பார்க்க எங்கே போகலாம்?
– வாசகர், பெங்களூரு

ப: வாம்பயர் காலத்து அமைப்புக்கு அருகில் வருவது போலந்தின் கிடீனியா துறைமுகத்தில் நிற்கும் ‘பிளிஸ்கவீத்சா’, 1937இல் பணிக்கு வந்தது. இங்கிலாந்தில் சாத்தம் தளத்தில் ‘கவலியர்’, கனடாவின் ஹாமில்டனில் ‘ஹைடா’, அமெரிக்காவில் பேட்டன் ரூஜ் நகரில் ‘கிட்’ இருக்கின்றன. சிட்னியின் டார்லிங் ஹார்பரில், ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ‘வாம்பயர்’ என்றே ஒரு நாசகாரி நிற்கிறது. அது 1959இல் பணிக்கு வந்து 1986இல் ஓய்வு பெற்ற அடுத்த தலைமுறைக் கப்பல், எனவே பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே போனால் கொதிகலன் அறைக்கு இறங்கும் ஏணியைத் தவறவிடாதீர்கள். சண்டை நேரத்தில் அங்கே இருந்தவனுக்கு வெளியே வர எத்தனை படி, எத்தனை மூடி என்று எண்ணிப் பாருங்கள்.